ஆடி மாதத்திலும் எரிந்த அடுப்பு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன அறிக்கையைப் படித்து முடித்தேன். புதன்கிழமை போனில் "எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டாய். "குக்கர் விசில் வருது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. அடையாறில் உன் ஆபீஸில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் மேலாளர் முதலில் படித்தால் இன்னும் நல்லது.

அட்டையில் பச்சை இலை ஒன்று, இலையின் நுனியில் நீலச் சுடர். 'பயோகேஸ் உற்பத்தி: இந்தியாவும் தெற்காசியாவும், ஓர் ஒப்பீடு' என்று தலைப்பு. முதல் பக்கத்தில், 'இந்தத் துறைக்கு என் கையைப் பிடித்து அழைத்து வந்த என் அம்மாவுக்கு' என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் கண் கலங்கியது உண்மை. பின்னிணைப்பைத் திருப்பும்வரை கலங்கியே இருந்தேன். அங்கே ஊர் ஊராக நீ அடுக்கியிருக்கும் பட்டியலில் தி.நகர் கல்யாண மண்டபத்து எரிவாயுக் கலன் ஒன்று வருகிறது. 'இயங்குகிறது' என்று எழுதி, தினசரி இத்தனை கன மீட்டர் வாயு என்று ஒரு எண்ணும் போட்டு, ஆதாரமாக என்னுடைய பழைய அலுவலக அறிக்கையைக் காட்டியிருக்கிறாய். அந்த எண் பொய். எழுதியவள் நான். வருகிற வியாழக்கிழமை நீ காத்மாண்டுவுக்கு விமானம் ஏறுகிறாய், இதை ஒரு சபை முன்னால் வாசிக்க. அந்தச் சபைக்குத் தலைமை தாங்கும் நேபாளப் பெரியவர், சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடித்த டீயைப் பற்றி இன்னமும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார் என்று நீயே குதித்துக்கொண்டு சொன்னாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன், நினைவிருக்கிறதா?

உன் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், என்னுடையது பிறகு. அறிக்கையின் நடுவில் ஒரு வரைபடம், அதில் இரண்டு தூண்கள் வரைந்திருக்கிறாய். ஒன்று இந்தியா, மற்றது தெற்காசியா. கீழே, 'இந்தியாவின் வளர்ச்சிப் போக்கு பிராந்தியத்தின் போக்கோடு பெரிதும் ஒத்துப்போகிறது' என்று வாய் கூசாமல் ஒரு வாக்கியம். ஒத்துப்போகாமல் வேறு என்ன செய்யும்? இரண்டாவது தூணுக்குள்ளும் இந்தியாதானே உட்கார்ந்திருக்கிறது! போன மாதம் இந்தப் படத்தை மட்டும் நீ லேப்டாப்பில் காட்டியபோதே இதைக் கேட்டேன். "அது ஸ்டாண்டர்ட் மெத்தடாலஜிம்மா, உனக்குப் புரியாது" என்றாய். உனக்கு ஆறு வயதிருக்கும்போது வடபழனி பஸ் நிலையத்தில் விளக்கு சுழலும் எடை மெஷினில் நீயும் அப்பாவும் சேர்ந்து ஏறி நின்றீர்கள். ஓர் அட்டை விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, "நானும் அப்பாவும் ஒரே வெயிட்டு" என்று தெரு முழுக்கச் சொன்னாய். பக்கத்து வீட்டு மிஸ் உன் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார். இப்போது உனக்கு முப்பது நெருங்குகிறது. அதே அட்டையை நேபாளத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிறாய், அங்கே யாரும் கன்னத்தைக் கிள்ள மாட்டார்கள்.

போகட்டும், தூண் என்றால் வரைந்த கோடு, அழித்துவிட்டு மறுபடி வரையலாம். அதைவிட மோசம் அந்தத் தூண்களுக்குள் நீ கொட்டியிருப்பது. இந்தியாவுக்குக் கட்டிய கலன்களின் கொள்ளளவைப் போட்டிருக்கிறாய். நேபாளத்துக்கு வீடுகளில் நிஜமாகவே எரிகிற அடுப்புகளைப் போட்டிருக்கிறாய், ஏனென்றால் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு அதுதான். ஒரு பக்கம் கடையில் வாங்கிய பாத்திரம், மறுபக்கம் வெந்து இறக்கிய சோறு, இரண்டையும் தராசில் வைத்து நாம்தான் முன்னணி என்று மார்தட்டியிருக்கிறாய். உன் ஆபீஸுக்கு ஒருநாள் வந்தேனே, ஏசி குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எரிசக்திச் சிக்கனத்தைப் பற்றித் தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள். மதியம் மிச்ச பிரியாணியும் டிஷ்யூ பேப்பரும் தீர்ந்துபோன பேட்டரியும் ஒரே கறுப்புக் கவரில் லிஃப்ட் ஏறிப் போயின. அந்த அறையில் ஒருவர்கூட சாணிக் கரைசலில் முழங்கை வரை கை விட்டவர் இல்லை என்று சத்தியம் செய்வேன். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் பத்து நிமிஷம் கலன் பக்கத்தில் நிற்கத் தெரியாதவர்கள் ஒரு துணைக்கண்டத்தின் வாயுவை அளக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லை. உன்னைவிடக் கேவலமான வேலையை நான் செய்திருக்கிறேன், அதுவும் எல்லாம் தெரிந்தே.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் கலன் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சாந்தோமிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர், எங்கள் அலுவலகத்திலேயே ஒரே பெண், எப்படியாவது ஜெயித்துக் காட்டவேண்டும் என்ற வெறி. மண்டபத்தின் பின்கட்டில், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டியைக் கட்டினோம். மயிலாப்பூரில் மாடு வைத்திருந்த ஒருவரிடம் சாணி வாங்கி, ஆட்டோவில் டின் டின்னாக ஏற்றிவந்து கரைத்து ஊற்றினோம். ஆட்டோக்காரர் மூன்றாவது நடைக்கு வர மாட்டேன் என்று கும்பிட்டுவிட்டார். வைகாசி மாதம், வரிசையாக முகூர்த்தம். எச்சில் இலையைத் தனியாக ஒதுக்கி, மிஞ்சிய சோறு, காய், சாம்பார் வண்டல் எல்லாவற்றையும் கூழாக்கிப் போட்டோம். இலை நார் உள்ளே போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். மண்டபத்துச் சமையல் மாஸ்டருக்கு அதை நூறு தடவை சொல்லியிருப்பேன். சில வாரத்தில் வாயு வந்தது. பர்னரைப் பற்றவைத்தபோது மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினார். நான் அழுதேன். அந்தச் சுடர் நிஜம் மகனே, அதை மட்டும் நம்பு.

அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபத்தைத் தள்ளுபடிப் புடவை விற்பனைக்கு விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து இரவுவரை கூட்டம், ஆனால் அடுப்பு மூட்டவில்லை. தொட்டிக்குப் போட அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும்தான் மிச்சம். உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் ஒரு மாதம் பட்டினி கிடந்தன. ஆவணி வந்தது, முதல் முகூர்த்தம், பெரிய இடத்துக் கல்யாணம். மிஞ்சிய பாயசத்தை அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து ஒரே நாளில் கவிழ்த்துவிட்டார்கள். நான் அன்று அங்கே இல்லை. ஒரு மாதம் சாப்பிடாத வயிற்றில் பாயசத்தை ஊற்றினால் என்ன ஆகும்? தொட்டி புளித்துப்போனது. மறுநாள் பற்றவைத்தால் நெருப்பு நிற்கவில்லை. சுண்ணாம்பு கலந்து பார்த்தேன், புதுச் சாணி ஊற்றிப் பார்த்தேன், அதற்குள் புரட்டாசி, மறுபடி மண்டபம் காலி. அதோடு செத்தது.

வருஷக் கடைசியில் அறிக்கை எழுதவேண்டும். செத்துவிட்டது என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இயக்குநர் படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கமே நகர்த்தினார். "மேடம், சைபர்னு போட்டா டெல்லியில கேப்பாங்க. நல்லா எரிஞ்ச நாள் ஒண்ணு இருக்கில்ல? அதை எடுத்து வருஷத்துக்குப் பெருக்குங்க." பெருக்கினேன். வைகாசியில் ஒரு முகூர்த்த நாளில் வந்த வாயுவை எடுத்து முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினேன். டெல்லியில் யாரோ, வெளிநாட்டில் யாரோ அப்படிப் பெருக்கினால் அது அறியாமை என்று விட்டுவிடலாம். நான் மயிலாப்பூர் சந்துகளில் வளர்ந்தவள். ஆடியிலும் மார்கழியிலும் இந்த ஊரில் மேளச் சத்தம் கேட்காது என்பது பால்காரருக்கும் தெரியும். அதையும் விடு, உன் அப்பாவைக் கட்டிக்கொள்ள, தவக்காலம் முடியட்டும் என்று ஈஸ்டர் வரைக்கும் காத்திருந்தவள் நான். நம் கோயிலில் நாற்பது நாள் கல்யாணம் கிடையாது என்று பங்குச் சாமியார் சொன்னபோது நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டவள். அப்படிப்பட்டவள் வருஷத்தின் எல்லா நாளிலும் தாலி கட்டி, எல்லா நாளிலும் பந்தி போட்டு, ஆடி மாதத்திலும் அடுப்பை எரித்துவிட்டேன். தினசரிக் கணக்கு என்று நீ அச்சடித்திருக்கிறாயே, அது அந்த எண்தான்.

இதோடு நின்றிருந்தால் காகிதத்தில் செய்த குற்றம் என்று நினைத்திருப்பேன். அடுத்த புரட்டாசியில், ஒரு காலை இயக்குநர் கூப்பிட்டு, நேபாளத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார், நம் மண்டபத்துக் கலனைக் காட்டுங்கள் என்றார். அந்த நிமிஷம்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மாஸ்டரைக் கூப்பிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிலிண்டர் வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இன்னா மேடம், கோபர் கேஸ்ல எரியற மாரி காட்டணும், அவ்ளோதானே? வுடுங்க, நான் பாத்துக்கறேன்." தொட்டியிலிருந்து குழாய் வரும் ஓட்டை வழியாகவே சிலிண்டர் குழாயை விட்டு பர்னரில் மாட்டினார். மேலே ஒரு கோணியையும் போட்டார்.

வந்தவர் ஒல்லியான மனிதர், ஷூவில் காய்ந்த சேறு. கொள்ளளவு என்ன, திறன் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். கலன் வைத்த வீட்டுக்குச் சொல்லாமல் போவார்களாம். போய், வீட்டுக்காரம்மாவிடம் டீ கேட்பார்களாம். அந்த அம்மா கேஸ் அடுப்புப் பக்கம் போனால் நோட்டில் ஒரு டிக். விறகடுப்புப் பக்கம் போனால் பெருக்கல் குறி. "அதனால் எனக்கு எங்கே போனாலும் டீ வேண்டும்" என்று சிரித்தார். மாஸ்டர் பற்றவைத்தார். இஞ்சி தட்டிப்போட்டு நல்ல டீ. இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, என் கண் முன்னால் ஒரு டிக் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஏதோ வீரச்செயல் போல இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை தூக்காமல், "அவர் டீக்காகவா டீ கேட்டாரு?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் போட்ட டீயைக் குடிக்காமல், அவரே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டார். எங்களுக்குள் வந்த எத்தனையோ சண்டைகளில் எனக்கு வலித்தது அந்த ஒன்றுதான்.

அந்தக் கலன் ஒருவேளை யாராவது சரிசெய்து ஓடுகிறதோ, நீ நேரில் பார்த்துத்தான் 'இயங்குகிறது' என்று எழுதினாயோ என்று எனக்கு ஒரு நப்பாசை. நேற்று காலை தி.நகருக்குப் போனேன். மண்டபத்தின் பின்கட்டில் காவலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், யாரைப் பாக்கணும்?"

"இங்க ஒரு கேஸ் டேங்க் இருந்துச்சே, சாப்பாடு மிச்சத்தைப் போடுவாங்க."

"கேஸா? தொட்டி கீது, கேஸுலாம் ஒண்ணும் கெடையாது. மூடி ஒடஞ்சு மழத்தண்ணி நின்னுகினு ஒரே கொசு. மருந்தடிக்க வந்தவங்க மீன் வுட்டுட்டுப் போனாங்க. பாக்கறீங்களா?"

கையில் இருந்த பொரியைத் தூவினார். குட்டிக் குட்டியாக நூறு மீன்கள் மேலே வந்தன. "யாராச்சும் வந்து இதைப் பாத்தாங்களா, ஒரு பையன், கண்ணாடி போட்டிருப்பான்?" என்று கேட்டேன். "அப்டி யாரும் வர்லியே. நீங்கதான் மொத ஆளு" என்றார். அடையாறிலிருந்து தி.நகருக்கு எவ்வளவு தூரம் மகனே? பொரி போட்டால் வாய் திறக்கும் அந்த மீன்களைத்தான் இந்தியாவின் எரிவாயுக் கணக்கில் சேர்த்து, தெற்காசியாவின் கணக்கில் இரண்டாம் தடவையும் சேர்த்திருக்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அந்த ஒரு வரியை எடுத்தாலும் தூண் ஒரு நூல்கூட இறங்காது, "ஒரே ஒரு மண்டபம்தானேம்மா" என்பாய். அதேதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உன் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என்னைப்போல ஒரு கெட்டிக்காரி இருக்கலாம். என்னுடையது எனக்குத் தெரியும். அவர்களுடையது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நங்கநல்லூரில் ஒன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒன்று, வடபழனியில் இரண்டு போட்டிருக்கிறாய். போ. கொள்ளளவு கேட்காதே, டீ கேள். முழங்கால் வலியோடு நானும் வருகிறேன். உன் மேலாளர் முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தை நீட்டு. வேலையை விட்டு அனுப்பினால் நேராக வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது, உன் அறை அப்படியே இருக்கிறது. உன்மேல் எனக்கு இருக்கும் ஆசைக்கு அளவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்தால் வாந்தி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை, நீ தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் பக்கத்தில் எனக்குப் போட்டதை எடுக்காதே. பின்னிணைப்பில் என் அறிக்கைக்குப் பக்கத்தில் 'தவறான கணக்கு, எழுதியவரே ஒப்புக்கொண்டது' என்று சேர்த்துவிடு. அப்போது முதல் பக்கம் யாருக்கு என்பது வாசிப்பவர்களுக்குச் சரியாகத் தெரியும். இதுவரை எழுதியதை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்து, ஒன்றை என் பக்கம் வைத்தார்.

காத்மாண்டுவில் அந்தப் பெரியவர் உன் தோளில் கைபோட்டு என் டீயைப் பற்றி மறுபடி சிரிப்பார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமோ, அதனால்தான் சிரிக்கிறாரோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நீ சொல். வாசிக்க மேடை ஏறுவதற்கு முன்னால், நாலு பேர் கூட இருக்கும்போதே சொல்: அது சிலிண்டரில் போட்ட டீ, அம்மா சொல்லச் சொன்னார்கள் என்று. அந்த நோட்டை அவர் இன்னும் வைத்திருந்தால் எடுத்துவரச் சொல். அந்த டிக்கை அடித்துவிட்டுப் பெருக்கல் குறி போடட்டும். நீ கிட்ட நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

உன் அம்மா